தெரிந்த ஆட்கள்

மேற்கணக்கு, நோர்வூட்.
12.03.2025

பூரணி அண்ணிக்கு,

என் நம்பரை உங்கள் போனில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். உங்கள் தம்பியோ, "ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல நான் தபால்காரன் வேல பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் கடிதம். எனக்கு இது ஒரு விதத்தில் வசதி. நேரில் நீங்கள் பேசினால் என் வாய் திறப்பதில்லை. அன்றைக்கும் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டு வெள்ளைத் தரையைப் பார்த்தபடி நின்றேன். அதை நீங்கள் திமிர் என்றீர்கள்.

மூன்று நாள் தங்கலாம் என்று வந்தோம். இரண்டாம் நாள் மாலையே, "விடிஞ்சதும் கெளம்பு" என்றீர்கள். கிளம்பினோம். கேட் வரைக்கும்கூட நீங்கள் வரவில்லை. வாட்ச்மேன்தான் எங்கள் பையைத் தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றினார்.

கதவைத் திறந்து வைத்தது நான்தான். இல்லையென்று சொல்லவில்லை. குளியலறையில் பிள்ளைகளின் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தேன், வீட்டுக்குள் காற்று இல்லை, திறந்தேன். லயத்து வரிசை வீடுகளில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை என்பது நீங்கள் அறியாததா? சாத்தியிருந்தால் அந்தக் காம்பராவில் சண்டை, இல்லாவிட்டால் சாவு. பிள்ளைகள் காம்பரா வாசல்களை ஒட்டி ஓடுகிற இஸ்தோப்பு வழியாக நடந்து போய், கால் போன வீட்டுக்குள் நுழைந்து, கொடுத்ததைத் தின்றுவிட்டு வரும். உங்கள் தொடர்மாடியிலும் லிஃப்ட்டிலிருந்து கடைசி வரை ஒரே நடை, ஒரு பக்கம் வரிசையாகக் கதவுகள். தர்ஷனுக்கும் பாப்பாவுக்கும் அது இன்னொரு லயம். அவனுக்கு மூன்று வயது, அவளுக்கு ஒன்றரை. வெள்ளவத்தை வேறு, நோர்வூட் வேறு என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

தர்ஷன் கூப்பிட்டதும் வந்துவிட்டான். பாப்பாவைக் காணவில்லை என்றதும் நான் படியிறங்கிப் பாதைக்கு ஓடினேன். காலிக்குப் போகும் பெரிய வீதியில் அத்தனை பஸ்களுக்கு நடுவே ஒரு சின்னச் சிவப்புச் சட்டையைத் தேடியபோது எனக்கு எப்படி இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. திரும்பி வந்தபோது அவள் உங்கள் மாடியின் கடைசி வீட்டில் இருந்தாள். அங்கே வேலை செய்யும் லெட்சுமியின் மடியில், வாயோரம் சோற்றுப் பருக்கையோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தூக்கம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நாங்கள் வந்ததே பாப்பாவின் காதுப் பரிசோதனைக்குத்தான், அதைப் பிள்ளை தூங்கும்போதுதான் செய்வார்கள். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் தூங்க வேண்டுமென்று காலையிலிருந்து அவளைத் தூங்கவிடாமல் சுமந்துகொண்டு திரிந்தேன். அவள் பன்னிரண்டு மணிக்கே தூங்கி எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தபோது தாதியின் பேனாவைப் பிடுங்கி விளையாடினாள். வேறொரு திகதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் 29, அதே இரண்டு மணி.

இங்கிருந்து அன்றைக்கே பஸ்ஸில் வந்தால் கினிகத்தேனை இறக்கத்திலேயே அவள் தூங்கிவிடுவாள். முதல் நாள் வந்து தங்க வேண்டும். கொழும்பில் எனக்குத் தெரிந்த வீடு உங்கள் வீடு ஒன்றுதான். ஓர் இரவு போதும். உண்டு, இல்லை என்று எழுதுங்கள். தோட்டத்து விலாசத்துக்கு வேண்டாம், அது ஆபீஸில் கிடந்து நாலு கை மாறித்தான் வரும். நான் வேலை செய்யும் பிரதேச செயலகத்துக்குப் போடுங்கள்.

நிலக்ஷி


வெள்ளவத்தை.
20.03.2025

நிலக்ஷிக்கு,

இல்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். நீ இரண்டு பக்கத்துக்கு நியாயம் எழுதியிருப்பதால் நானும் எழுதுகிறேன்.

உன் மகன் லிஃப்ட்டில் இருந்த எல்லாப் பொத்தானையும் அழுத்தினான். மாடிக்கு மாடி நின்று நின்று போனது. உள்ளே நின்றவர்கள் உன்னையா பார்த்தார்கள்? என்னைப் பார்த்தார்கள். பல்கனியில் நான் வளர்க்கிற ரோஜாத் தொட்டியில் ஒன்றுக்குப் போனான். கேட்டால், "செடிக்குத் தண்ணி ஊத்தினேன் அத்தே" என்கிறான். நீ தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாய், நான் பார்த்தேன். கடற்கரைக்குக் கூட்டிப் போனால், கடலையும் உங்கள் காசல்ரீ நீர்த்தேக்கம் என்று நினைத்துக்கொண்டு, "இந்தக் காசல்ரீல தண்ணி ஏன் நிக்காம ஆடுது" என்று அவன் ஊருக்கே கேட்கக் கத்துகிறான். பக்கத்தில் எனக்குத் தெரிந்த குடும்பம் நின்றது. பெரியவர்களின் துணியையும் பிள்ளைகளின் துணியையும் நீ பாதை பார்த்த பக்கம் வரிசையாகக் காயப் போட்டாய். என் வீட்டைப் பார்த்தால் தோட்டத்து லயம் மாதிரி இருந்தது.

சின்னதைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு அகம்பாவம். நீங்கள் வந்த அன்று, பின்னால் நின்று எத்தனை தடவை கூப்பிட்டேன்! சோபாவில் பருப்பைத் தேய்த்துக்கொண்டு இருந்தது. ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்ததா? அதட்டினேன். அப்போதும் இல்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. ஒன்றரை வயதில் பெரியவர்கள் சொல் காதில் ஏறாது என்றால் அது பிறவிக் குணம் இல்லை, வளர்ப்பு. எங்கள் அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நாலு பேரை வளர்த்தாள். ஒரு சத்தம் கொடுத்தால் நாலும் வந்து நிற்போம். அவள் எந்த யுனிவர்சிட்டிக்கும் போகவில்லை.

காதில் சீழ் என்று தம்பி சொன்னான். சீழுக்கு அங்கே மருந்து இல்லையா? கொழும்புக்கு வந்து, தூங்க வைத்து, மெஷின் வைத்துத்தான் பார்க்க வேண்டுமா? படித்தவளுக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும்.

பதினொரு வருடமாக இந்த மாடியில் இருக்கிறேன். அன்றைக்கு இந்த நடையில் எனக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ கீழே பாதையில் நின்றாய். தெரியாமலே இரு. ஆனால் திரும்பி வராதே.

பூரணி


பிரதேச செயலகம்.
26.03.2025

அண்ணி,

இந்தக் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசையில் இருந்து எழுதுகிறேன். பக்கத்து மேசை யசோதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, ஆரும் செத்திட்டினமோ?" என்று கேட்டாள். உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அவளுக்குக் கேட்கவில்லை. சீழ் இல்லை. சீழ் என்று உங்களிடம் சொல்லச் சொன்னது நான். பரிசோதனை அவளுக்குக் கொஞ்சமாவது கேட்கிறதா, ஒன்றுமே கேட்கவில்லையா என்று பார்க்கத்தான். அது தெரிந்தால்தான் கருவி வைக்கலாமா என்று சொல்வார்கள். சீக்கிரம் வைத்தால்தான் பேச்சு வரும் என்று டொக்டர் சொன்னார். இரண்டு வயதுக்குள் செய்ய வேண்டியதை நான்கு வயதில் செய்து பயனில்லை.

கோயில் திருவிழாவில்தான் முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது. வேட்டு போட்டார்கள். தர்ஷன் வீரிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். லயத்து நாய்கள் எல்லாம் ஓடின. அவள் என் இடுப்பில் இருந்தபடி பலூன்காரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் சட்டி மூடியைப் போட்டுப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டேன். என் அத்தை, உங்கள் அம்மா, குசினியிலிருந்து வந்து, "என்னாடி, சாமி வந்திருச்சா?" என்றார்.

அத்தைக்கும் இது தெரியாது. லயத்தில் யாருக்குமே தெரியாது. சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'செவிட்டுப் புள்ள' என்று பெயர் வைத்துவிடுவார்கள். வயிற்றுப் பிள்ளையோடு சோதனை எழுதப் போனவள், ராத்திரியெல்லாம் லைட் போட்டுப் படித்தவள், அதனால்தான் இப்படி என்பார்கள். அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்கிற வாய் யாருடைய வாயாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். உங்களிடம் சொன்னால் உங்கள் அம்மாவிடம் சொல்வீர்கள்.

நீங்கள் அவளைப் பற்றி எழுதிய அந்தச் சொல்லை நான் திரும்ப எழுத மாட்டேன். தோளைத் தொட்டதும் சிரித்தாள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அகம்பாவம் பிடித்த பிள்ளை அப்படித்தான் சிரிக்குமா?

கணக்குத் தீர்ப்பதென்றால் என்னிடமும் ஒன்று உண்டு. வந்த அன்று லிஃப்ட்டில் கண்ணாடி போட்ட ஒருவர், "இவை ஆர்?" என்று எங்களைக் காட்டிக் கேட்டார். "கண்டியில எங்களுக்குத் தெரிஞ்ச ஆட்கள்" என்றீர்கள். உங்கள் கையில் உங்கள் தம்பி மகள். என் கையில் உங்கள் அப்பாவின் மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு பிறந்த பேரன். திரும்பி வரும் பஸ்ஸில் தர்ஷன் கேட்டான்: "அம்மா, தெரிஞ்ச ஆளுங்கன்னா யாரு?" நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

29-ஆம் திகதியைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன்.

நிலக்ஷி


வெள்ளவத்தை.
02.04.2025

நிலக்ஷி,

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வருகிற ஆத்திரம் இதுவரை வந்ததில்லை. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதற்காக இல்லை. அதை நீ என்னிடமிருந்து மறைத்துவிட்டுப் பிள்ளையை என் வீட்டில் விட்டாய், அதற்காக.

அன்றைக்கு நடந்ததைக் கேள். எல்லோரும் கீழே ஓடினீர்கள். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினான், நீ பாதைக்குப் போனாய், எங்கள் வீட்டுக்காரர் லிஃப்ட்டில் ஏறி மாடி மாடியாகத் தேடினார். நான் கீழே போகவில்லை. பிள்ளை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நானும் நடக்கப் பழகியது இஸ்தோப்பில்தான். வாசலைப் பார்த்துப் போகாது, வரிசையைப் பிடித்துக்கொண்டு போகும். கடைசிக் காம்பரா வரைக்கும் போகும்.

அது தெரிந்தும் நான் என்ன செய்தேன்? நடையின் நடுவில் நின்று கத்தினேன். "ஏ… பாப்பாஆஆ…" மலையில் கொழுந்து பறிக்கும்போது இந்த நிரையில் நிற்கிறவள் அந்த நிரையில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற சத்தம். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தச் சத்தம் என் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்கே அது யாருடைய குரல் என்று இருந்தது. கடைசி வீட்டுக்குள்ளிருந்து அதே மாதிரி பதில் வந்தது. "ஓ… இங்கனதான் இருக்குஊ…"

போனால், கூட்டித் துடைப்பதற்காகத் திறந்து வைத்த கதவு. உள்ளே தரையில் லெட்சுமி, மடியில் பிள்ளை. யார் பிள்ளை, எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. வந்தது, உட்கார வைத்தாள், சோறு ஊட்டினாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "அக்கா நீங்க எந்தத் தோட்டம்? நான் அக்கரப்பத்தனை."

அவளுக்குப் பின்னால் ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக்காரர் புனிதவதி டீச்சர் நின்றார்.

இந்த மாடியில் எல்லோருக்கும் நான் கண்டிக்காரி. எங்கள் வீட்டுக்காரர் யாழ்ப்பாணம். கேட்டவர்களுக்குக் கண்டி டவுன் என்று நான்தான் சொன்னேன். பொய்தான். அந்தப் பொய்யில் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. டீச்சர் பதினொரு வருடமாக என்னை மிஸிஸ் குணரத்தினம் என்றுதான் கூப்பிட்டார். அடுத்த நாள் நீ போன பிறகு கதவைத் தட்டினார். "பூரணி, உங்கட தோட்டத்திலை ஒரு நல்ல பிள்ளை இருந்தால் சொல்லுங்கோ. என்ரை மகள் வீட்டு வேலைக்கு ஆள் தேடுறா. லெட்சுமி மாதிரி வாய் காட்டாத பிள்ளையாப் பாருங்கோ."

இப்போது விளங்குகிறதா? பிள்ளைக்குக் கேட்காது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். சத்தமில்லாமல் கதவு கதவாகப் போய்ப் பார்த்திருப்பேன். கேட்காத பிள்ளையைக் கூப்பிட்டேன். கேட்கக் கூடாதவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

29-க்கு வேறு இடம் பார்த்துக்கொள்.

பூரணி


பிரதேச செயலகம்.
08.04.2025

அண்ணி,

பார்த்துக்கொண்டேன். யசோதினியின் மாமி ஒருவர் தெஹிவளையில் இருக்கிறாராம். பாதையோரத்து வீடு, முன்னறையில் படுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். முன்பின் தெரியாதவர். நாங்கள் போய் நின்றால், "ஆர் இவை?" என்று யாராவது கேட்டால், அவர் "தெரிஞ்ச ஆட்கள்" என்று சொன்னால் அதில் பொய் இருக்காது.

பாப்பாவைக் கண்டுபிடித்தது நீங்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். லெட்சுமிதான் கதவைத் தட்டிச் சொன்னாள் என்றே நினைத்திருந்தேன். நன்றி சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை. சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றதற்கு வருகிறேன். ஒருவர் உங்களைப் பூரணி என்று கூப்பிட்டுவிட்டார், அதற்காக இத்தனை பக்கம். அது உங்கள் அப்பா வைத்த பெயர். என் பிள்ளைக்கும் ஒரு பெயர் வைத்தோம், கிருஷாந்தி என்று. அவள் அதை ஒரு தடவைகூடக் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லோரும் பாப்பா, பாப்பா என்கிறார்கள். தூங்கும்போது நான் அவள் காதுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்ப்பேன். என் மூச்சுக்காற்று பட்டதும் கூசிக் காதைத் தேய்த்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

நானும் மறைத்தேன், நீங்களும் மறைத்தீர்கள் என்று சமம் பார்க்காதீர்கள். நான் ஒரு பிள்ளையை ஊர் வாயிலிருந்து மறைத்தேன். நீங்கள் உங்கள் அம்மாவை மறைத்தீர்கள். பதினொரு வருடத்தில் அத்தை ஒரு நாளாவது அந்த வீட்டுக்குள் வந்ததுண்டா? மூட்டு வலி, பஸ் ஏற மாட்டார் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்கிறீர்கள். அந்த மூட்டோடுதான் அவர் தினமும் காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்து, மலை ஏறுகிறார். நீங்கள் அனுப்புகிற சேலைகளை மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருக்கிறார். யாராவது வந்தால் எடுத்துக் காட்டுவார். கட்டமாட்டார். "எங்க கட்டிக்கிட்டுப் போறது?" என்பார். அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

வீட்டு வேலைக்கு ஆள் விஷயமாக டீச்சருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது திமிர் என்றால் அது நம் இருவருக்கும் உண்டு.

இனி நீங்கள் எழுத வேண்டியதில்லை.

நிலக்ஷி


வெள்ளவத்தை.
17.04.2025

நிலக்ஷி,

எழுத வேண்டியதில்லை என்று நீ எனக்குச் சொல்லாதே.

தெஹிவளையில் பாதையோரத்து வீடாம், முன்னறையாம்! அறிவு இருக்கிறதா உனக்கு? பட்டம் கொடுத்தவர்கள் அதைக் கொடுக்கவில்லையா? காலி வீதியில் ஹோர்ன் அடித்தால் விலகத் தெரியாத பிள்ளை. திறந்த கதவைக் கண்டால் நிற்காத கால். முன்பின் தெரியாத ஒருத்தி அதைப் பார்த்துக்கொள்வாளா? நீ துணி கசக்கப் போனால்? புது வருடத்துக்குப் பால் பொங்கவிட்டு எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். நான் போகவில்லை. அந்த முன்னறைதான் கண்ணில் நின்றது.

29-க்கு என் வீட்டுக்குத்தான் வருகிறாய். 28 மாலை வந்து சேர். இதை நான் உனக்காகச் செய்யவில்லை, இதைக் கொஞ்சம் தெளிவாகப் படித்துக்கொள்.

வருவதற்கு முன்னால் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நேற்று இந்த மாடியில் இருக்கிற எல்லாக் கதவையும் தட்டினேன். லிஃப்ட்டுக்குப் பக்கத்து வீட்டில் சிங்களக் குடும்பம், அவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னேன். அடுத்தது ஹாஜியார் வீடு. எல்லோரிடமும் ஒரே விஷயம்தான். காது கேட்காத ஒரு சின்னப் பிள்ளை என் வீட்டுக்கு வருகிறது. கதவு திறந்திருந்தால் உள்ளே வரும். வந்தால் கூப்பிடாதீர்கள், சத்தம் போடாதீர்கள், முன்னால் போய்க் கையைப் பிடித்து என்னிடம் கொண்டு வாருங்கள். பல்கனிக் கதவைப் பூட்டி வையுங்கள். ஹாஜியார் மனைவி கண் கலங்கிவிட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் கேட்டது பல்கனிக் கதவுதான்.

கடைசி வீட்டில் டீச்சர் வந்து நின்றார். "ஆற்றை பிள்ளை அது, பூரணி?"

"என் தம்பி மக. நோர்வூட் தோட்டம். நானும் அந்த லயத்துலதான் பொறந்தேன், ஆறாம் நம்பர் காம்பராவுல" என்றேன். உள்ளே லெட்சுமி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை. "வீட்டு வேலைக்கு ஆள் கேட்டீங்களே டீச்சர். எங்க லயத்துல இப்ப ஒரே ஒருத்திதான் இருக்கா, அந்தப் புள்ளையோட அம்மா. பட்டதாரி. செயலகத்துல வேல பாக்குறா. உங்க மகளுக்கு அங்க ஏதும் வேல வேணும்னா சொல்லுங்க, கேட்டுப் பாக்குறேன்."

லெட்சுமிக்கு இருமல் வந்துவிட்டது. டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார். இனி அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று தெரியாது. கூப்பிடாமலும் இருக்கலாம். அதற்கும் காரணம் நீதான் என்று நான் நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

இப்போது நான் சொல்வதைச் செய். செய்யாவிட்டால் வராதே. இங்கே என் மாடியில் நான் வாயைத் திறந்துவிட்டேன். அங்கே உன் லயத்தில் நீ திற. பாப்பாவுக்குக் கேட்காது என்று எல்லோருக்கும் சொல். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்து ஆயாவுக்கும் சொல். அம்மாவுக்கு முதலில் சொல். நான் சொல்ல மாட்டேன். ஊர் என்ன பேசும் என்று நீ எழுதினாய். பேசும். பேசட்டும். லயத்துக்கு முன்னால் கொழுந்து லொறி பின்பக்கமாக வருகிறது. எவனாவது, "பாப்பா தள்ளு" என்று கத்திவிட்டு, கத்தினால் போதும் என்று நின்றுகொண்டிருப்பான். அப்போது உன் பிள்ளையை ஊர் வாயிலிருந்து நீ காப்பாற்றி வைத்திருப்பது எதற்கு உதவும்?

அம்மாவின் சேலையைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத எனக்கு இஷ்டமில்லை. இங்கே லிஃப்ட் இருக்கிறது, படி ஏற வேண்டியதில்லை என்று மட்டும் அவளிடம் சொல்.

ரோஜாத் தொட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

பூரணி


மேற்கணக்கு, நோர்வூட்.
22.04.2025

அண்ணி,

சொல்லிவிட்டேன். நீங்கள் மிரட்டியதால் சொன்னேன். அதில் பெருமைப்பட உங்களுக்கு ஒன்றும் இல்லை.

முதலில் அத்தையிடம் சொல்லத்தான் போனேன். அவர் அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னா, காய்ச்சலா?" என்று கேட்டார். இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். பிள்ளைமடுவத்துக்குப் போய் ஆயாவின் முன்னால் நின்றேன். அங்கேயும் அப்படித்தான். பாப்பாவின் மாற்றுச் சட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வேலையில் ஓர் அறிக்கை எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் எழுதுவேன். இது மூன்று சொல்.

நேற்று மாலை எல்லோரும் மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள். எல்லாக் காம்பராவிலும் கதவு திறந்திருந்தது, அடுப்பு புகைந்தது. பாப்பா தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையில் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தாள். கொழுந்து லொறி கடைசி நடைக்காக ஏறி வரும் சத்தம் வளைவில் கேட்டது. இன்னும் தூரத்தில்தான் இருந்தது. நான் இஸ்தோப்பில் நின்று கூப்பிட்டேன்.

நீங்கள் எழுதியிருந்தீர்களே, அந்தச் சத்தம். அது எனக்குள் இருக்குமென்று நான் நினைத்ததில்லை. எனக்குக் கொழுந்து பறிக்கத் தெரியாது. என் அம்மா என்னை மலைக்கு விட்டதே இல்லை. "கிருஷாந்தீஈஈ…" பாப்பா என்று கூப்பிடவில்லை. அவளுடைய பெயரைத்தான் கூப்பிட்டேன்.

கேட்டவர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள். கையில் மாவோடு அத்தை வந்தார். பழனியாண்டி மாமா பாதி சவரத்தோடு கண்ணாடியைப் பிடித்தபடி வந்தார். கடைசிக் காம்பராவிலிருந்துகூட வந்தார்கள். வாய் பேசாத நிலக்ஷியா கத்துகிறாள் என்று பார்த்தார்கள். இன்னொரு தடவை கூப்பிட்டேன், அதைவிடச் சத்தமாக. இந்த முறை என்னைப் பார்த்தவர்கள் மெதுவாக என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

அவள் மட்டும் திரும்பவில்லை. சிரட்டையைக் கவிழ்த்து, தட்டி, எடுத்துப் பார்த்தாள். நல்ல வட்டமாக வந்திருந்தது.

நான் சொல்ல வேண்டியது அதற்குமேல் ஒன்றும் இருக்கவில்லை.

பழனியாண்டி மாமா போய் லொறியை வளைவிலேயே நிறுத்தினார். நான் இறங்கிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். பிறகு நான் எதிர்பார்த்ததெல்லாம் நடந்தது. இரண்டாம் காம்பராக்காரி, "ராவெல்லாம் படிச்சா வவுத்துப் புள்ளைக்குச் சூடு ஏறாதா?" என்றாள். அதற்கு நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதுவது நன்றாக இருக்காது. "இவளுக்கு வாய் இருக்குடி" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். உங்களுக்கு முன்பே தெரியும் என்று அத்தையிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பெத்தவ கிட்டயும் மறைப்பீங்க, மாமியா கிட்டயும் மறைப்பீங்க. நல்லா அமைஞ்சீங்க ரெண்டு பேரும்" என்றார். இரண்டு பேர் என்றால் நானும் நீங்களும். ஆனால் இன்று காலை மலைக்குப் போகுமுன் பாப்பாவின் முன்னால் போய்க் குனிந்து நின்று, கையை ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார். இதுவரை வாசலில் நின்று, "வாரேண்டி" என்று சத்தம் போட்டுவிட்டுப் போவார்.

லிஃப்ட் விஷயத்தைச் சொன்னேன். "அவ வந்து கூப்புடட்டும்" என்கிறார். அது உங்கள் இருவர் பாடு.

28-ஆம் திகதி மாலை வருகிறோம். தெஹிவளைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். துணியை உள்பக்கம் காயப் போடுகிறேன். நான் எங்கே இருந்தாலும் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 29 காலையில் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது ஒருத்தியால் முடியாது. ஆளுக்குக் கொஞ்ச நேரம் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் நாம் பேசிக்கொள்ளத் தேவையில்லை.

உங்கள் மேல் எனக்கு இருந்தது எதுவும் குறையவில்லை. நீங்களும் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த முறை கேட் வரைக்கும் இறங்கி வாருங்கள். லிஃப்ட்டில் யாராவது எங்களைக் காட்டி இவை ஆர் என்று கேட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்கள். தர்ஷன் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு நன்றாகக் காது கேட்கும்.

நிலக்ஷி